படிப்புக்கு நடுவே ஒரு பூங்கா

நம் தாத்தாக்கள் ஹவுரா ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியுடன் இறங்கி, லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ஸில் இடம் பிடித்து, இந்த ஊரில் வேரூன்றினார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று டம்டம் விமான நிலையத்தில் இரண்டு பெட்டிகளுடன் நின்று கையசைக்கிறார்கள். நம் சங்கத்து உறுப்பினர் குடும்பங்களில் ஒரு பிள்ளையாவது மேல்படிப்புக்காக வெளிநாடு போகாத வீடு குறைவு என்று சொல்லும் நிலை வந்துவிட்டது.

போகும் முன்பு எதையெல்லாம் யோசிக்கிறோம்! விசா, வங்கிக் கடன், கம்பளிச் சட்டை, பருப்புப் பொடி, குக்கர். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு, வகுப்புக்கும் படுக்கைக்கும் நடுவில் உள்ள நேரத்தை அந்தப் பிள்ளை எங்கே, எப்படிக் கழிக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. அந்த நேரம்தான் சில பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது, சிலரை முடக்கிப் போடுகிறது. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்குச் சென்ற என் தங்கை மகளின் அனுபவத்தையும், அவளுக்குக் கைகொடுத்த ஒரு பழமையான தாவரவியல் பூங்காவையும் பற்றி இங்கே எழுதுகிறேன். நம் கல்கத்தாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் அந்தப் பூங்காவோடு உள்ள உறவு பலருக்குத் தெரியாது. அதையும் சேர்த்தே சொல்கிறேன். (அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.)

மூன்றரை மணிக்கு மாலை

2024 செப்டம்பரில் அவள் புறப்பட்டாள். பாடம் புள்ளியியல். அங்கே முதுகலைப் பட்டத்துக்கு 180 கிரெடிட்டுகள். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது அந்த நாட்டுக் கணக்கு. ஆக 1800 மணி நேரப் படிப்பை ஒரே ஆண்டில் முடிக்க வேண்டும். வகுப்பில் உட்காரும் நேரம் அதில் ஒரு சிறு பங்குதான். மீதியெல்லாம் தானாகப் படிப்பது, கணக்குப் போடுவது, கட்டுரை எழுதுவது. இங்கே கல்லூரியில் காலை முதல் மாலை வரை மணியடித்து நம்மை நகர்த்துவார்கள். அங்கே மணியடிக்க ஆளில்லை. இந்த வித்தியாசத்தை நம் பிள்ளைகள் முதல் இரண்டு மாதங்களில் உணர்வதில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். அதன் பிறகு இந்திய நேரத்துக்கும் அவர்கள் நேரத்துக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். எடின்பரோ ஏறத்தாழ 56-ஆவது வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் உதிப்பது காலை எட்டே முக்கால் வாக்கில். மறைவது பிற்பகல் மூன்று நாற்பது வாக்கில். பகல் என்பது ஏழு மணி நேரந்தான். அதிலும் பல நாள் மேகம் மூடியிருக்கும். என் தங்கை இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு வேலை முடித்து மகளுக்குப் போன் செய்வாள். அங்கே மூன்றரை மணி. "ஏண்டி, மத்தியானத்துலயே லைட்டைப் போட்டுண்டு உக்காந்திருக்கே?" என்று கேட்பாள். "இருட்டிடுத்தும்மா" என்பாள் பெண். தங்கைக்கு அது வேடிக்கையாக இருந்தது. பெண்ணுக்கு அப்படி இல்லை.

நவம்பரில் அவள் காலை வகுப்புகளுக்குப் போவதைக் குறைத்தாள். முதலில் ஒரு நாள், பிறகு வாரத்தில் இரண்டு நாள். எழுந்தால் இருட்டு, வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இருட்டு. அறையிலேயே இருந்தாள். போனில் "எல்லாம் நன்னாப் போறது" என்றே சொன்னாள். இங்கே ஒன்றைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள், பதினெட்டு வயது தாண்டிய மாணவரின் வருகைப் பதிவையோ மதிப்பெண்ணையோ அவர் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்குச் சொல்லமாட்டா. பிரின்சிபாலுக்குப் போன் போட்டு விசாரிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். அதே சமயம், மாணவர் விசாவில் வந்தவர்கள் படிப்பில் ஒழுங்காகக் கலந்துகொள்கிறார்களா என்று பல்கலைக்கழகம் கண்காணித்தாக வேண்டும். தொடர்ந்து வராமல் இருந்தால் விசாவுக்கே ஆபத்து. ஆகவே வகுப்புக்குப் போகாமல் அறையில் முடங்குவது மதிப்பெண்ணோடு நிற்கிற விஷயம் அல்ல.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் அவளே உடைந்து போய்ச் சொன்னாள்: "அம்மா, நான் திரும்பி வந்துடட்டுமா?"

வங்கியில் கடன் வாங்கியது போதாமல், தங்கை தன் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்துத்தான் அவளை அனுப்பியிருந்தாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் எனக்குப் போன் செய்தாள். "வான்னு சொன்னா கடன். இருன்னு சொன்னா குழந்தை. நான் என்னண்ணா சொல்றது?" எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. "எதுவும் முடிவு பண்ணாதே. தினம் பேசு. மார்க்கைப் பத்திக் கேக்காதே" என்று மட்டும் சொன்னேன்.

"பொட்டானிக்ஸ்"

அவளோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த கோட்டயத்துப் பெண் ஒருத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வலுக்கட்டாயமாக அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். போன இடம் அரச தாவரவியல் பூங்கா. ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாகப் 'பொட்டானிக்ஸ்' என்கிறார்கள். நகரின் வடக்கே இன்வர்லீத் என்ற பகுதியில், சுமார் 70 ஏக்கரில் இருக்கிறது. தோட்டத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. கையில் காசில்லாத மாணவருக்கு இது பெரிய விஷயம். நாய்களுக்கு அனுமதி இல்லை, பந்து விளையாட்டும் இல்லை. அதனால் பெரிய நகரத்துக்கு நடுவில் இருந்தும் அமைதியாக இருக்கும்.

பழைய நகரத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். "திரும்பி வரும்போது குளிரே தெரியலை மாமா, வேர்த்துடுத்து" என்று பிற்பாடு சொன்னாள்.

டிசம்பரில் பூவா இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் போனாளாம். பூ இல்லைதான். ஆனால் ஒவ்வொரு மரத்திலும் ஒரு பெயர்ப் பலகை தொங்கியது. அதில் தாவரத்தின் பெயர், குடும்பம், எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற விவரம், அதோடு எட்டு இலக்க எண் ஒன்று. முதல் நான்கு இலக்கம் அந்தச் செடி தோட்டத்துக்கு வந்து பதிவான ஆண்டைக் குறிக்கும். புள்ளியியல் மாணவி அல்லவா, எண்ணைக் கண்டதும் நின்றுவிட்டாள். சீனா, நேபாளம், சிலி, ஜப்பான் என்று நூறு ஊர்களிலிருந்து வந்தவை ஒரே மண்ணில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் மாணவர் சேர்க்கை எண் மாதிரி ஓர் எண். "எல்லாமே வெளியூர்க்காரா மாமா. யாருமே இந்த ஊர் இல்லை" என்றாள் போனில். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் குரலில் கொஞ்சம் சிரிப்பு கேட்டது.

மருத்துவ மாணவர்களுக்காகப் பிறந்த தோட்டம்

அந்தத் தோட்டமே மாணவர்களுக்காகப் பிறந்தது என்பது சுவையான செய்தி. 1670-ஆம் ஆண்டு ராபர்ட் சிபால்ட், ஆண்ட்ரூ பால்ஃபர் என்ற இரண்டு மருத்துவர்கள் ஹோலிரூட் அரண்மனை அருகே ஒரு சிறு நிலத்தில் மூலிகைகளை வளர்க்கத் தொடங்கினார்கள். அக்காலத்தில் மருந்து என்றாலே பெரும்பாலும் செடிகொடிதான். எந்த இலை எதற்கு என்று தெரியாதவன் வைத்தியனாக முடியாது. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டுத் தோட்டத்துக்கு (1621) அடுத்தபடி பழமையானது இதுவே.

1675-இல் அது இன்னோர் இடத்திலும் விரிந்தது. இன்று எடின்பரோவின் பெரிய ரயில் நிலையமான வேவர்லி இருப்பது அந்த இடத்தில்தான். 1763-இல் ஜான் ஹோப் என்ற பேராசிரியர் தோட்டத்தை லீத் வாக் என்ற இடத்துக்கு மாற்றினார். 1820-களின் தொடக்கத்தில் இன்றைய இன்வர்லீத்துக்கு மீண்டும் இடம் பெயர்ந்தது. அப்போது தோட்டப் பொறுப்பாளராக இருந்த வில்லியம் மக்நாப், வளர்ந்த மரங்களை வேரோடும் மண்ணோடும் பெயர்த்துக் கொண்டுபோக ஒரு தனி வண்டியையே வடிவமைத்தார். செடியாக இருக்கும்போது இடம் மாற்றுவது எளிது. வளர்ந்த பின் மாற்றினால் தாய்மண்ணில் கொஞ்சம் வேரோடு வரவேண்டும் என்பது அவர் கண்ட முறை. பருப்புப் பொடியும் குக்கரும் ஏன் கொடுத்தனுப்புகிறோம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

ஜான் ஹோப் பாடம் நடத்திய வீடு இன்னும் இருக்கிறது. 1760-களில் லீத் வாக்கில் கட்டப்பட்ட அந்தச் சிறு மாடி வீட்டின் மேல்தளத்தில்தான் மருத்துவ மாணவர்கள் தாவரவியல் படித்தார்கள். இடிபட இருந்த அதை 2008-இல் கல் கல்லாகப் பிரித்து எடுத்து, இன்வர்லீத் தோட்டத்துக்குள் மீண்டும் கட்டி, 2016-இல் திறந்தார்கள். இன்றும் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொதுமக்களுக்கும் வகுப்புகள் நடக்கின்றன.

நம் சிப்பூர்த் தோட்டத்தின் உறவு

ஹோப்பின் மாணவர்களில் ஒருவர் வில்லியம் ராக்ஸ்பரோ. கல்கத்தாவாசிகளான நமக்கு இந்தப் பெயர் புதிதல்ல. சிப்பூர்த் தோட்டத்தில் ஆற்றங்கரையோரம் இருக்கும் பழைய ராக்ஸ்பரோ இல்லத்தை நம்மில் பலர் பிக்னிக் போனபோது பார்த்திருப்போம். எடின்பரோவில் மருத்துவமும் தாவரவியலும் கற்ற இவர், 1776-இல் சென்னைக்கு உதவி அறுவை மருத்துவராக வந்தார். பிறகு ஆந்திரக் கடற்கரைப் பக்கம் சாமல்கோட்டில் ஒரு தோட்டம் வைத்தார். 1793-இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்று, இருபது ஆண்டுகள் அதை வளர்த்தார். அவர் காலத்தில் இந்திய ஓவியர்கள் வரைந்த 2500-க்கும் மேற்பட்ட செடி ஓவியங்கள் இன்றும் சிப்பூரில் பாதுகாக்கப்படுகின்றன. உடல்நலம் கெட்டு ஊர் திரும்பி 1815-இல் எடின்பரோவிலேயே காலமானார். பழைய நகரத்தில் கிரேஃப்ரையர்ஸ் என்ற தேவாலயத்தின் இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது.

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. வங்காளத்தின் ரசாயனத் தந்தை ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய் 1882-இல் உதவித்தொகை பெற்று எடின்பரோ சென்று, 1887-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது கப்பலில் போகவே வாரக்கணக்கில் ஆகும். வீட்டுக்குப் போன் பேச வழி கிடையாது. அந்தக் குளிரை அவர்களும் தாங்கியிருக்கிறார்கள் என்று நான் தங்கை மகளிடம் சொன்னபோது, "அவாளுக்கு இன்ஸ்டால்மென்ட் கட்ற கவலை இல்லையே மாமா" என்றாள். அதுவும் நியாயந்தான்.

ரங்கையாவும் கோவிந்துவும்

தமிழ்நாட்டோடு உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. எடின்பரோவில் படித்த ராபர்ட் வைட் என்ற மருத்துவர் 1819-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தார். நாகப்பட்டினம், பாளையங்கோட்டை, கோயம்புத்தூர், நீலகிரி என்று அவர் சுற்றாத இடமில்லை. கோயம்புத்தூரில் பருத்திச் சாகுபடிச் சோதனைகளையும் நடத்தினார். போன இடமெல்லாம் செடிகளைச் சேகரித்து, அவற்றை நம் நாட்டு ஓவியர்களைக் கொண்டு வரைய வைத்தார். அவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. இருவரும் தஞ்சை ஓவிய மரபோடு தொடர்புடையவர்களாகக் கருதப்படுகிறார்கள். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட ஆறு தொகுதிகளில் 2101 செடிகளின் படங்கள் உள்ளன. அவற்றின் அடிப்படை இவர்களைப் போன்றவர்களின் கைவண்ணமே.

அந்த மூல ஓவியங்களில் பல இன்று எடின்பரோ பூங்காவின் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே பணியாற்றிய ஹென்றி நோல்டி என்ற அறிஞர் இந்த ஓவியங்களை ஆராய்ந்து 2007-இல் நூலாகவே வெளியிட்டார். ஓவியர்களின் பெயரையும் நூலின் தலைப்பிலேயே சேர்த்தார். வைட் தம் காலத்திலேயே ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு 'கோவிந்தூயா' என்று ஓவியரின் பெயரைச் சூட்டியிருந்தார். பிற்கால வகைப்பாட்டில் அது வேறோர் இனத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டாலும், ஓர் இந்திய ஓவியனை அப்படிக் கௌரவித்தது அந்நாளில் அரிது.

ஹியூ கிளெகார்ன் என்பவரும் இந்தத் தொடர்ச்சியில் வருகிறார். இவர் பிறந்ததே சென்னையில், 1820-இல். எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பி வந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, 1856-இல் சென்னை மாகாண வனத்துறையைத் தொடங்கி நடத்தினார். அவர் சேர்த்த நூல்களிலும் ஓவியங்களிலும் பெரும் பகுதி எடின்பரோ பூங்காவில்தான் சேர்ந்துள்ளது.

இதையெல்லாம் தங்கை மகள் முதலில் அறிந்திருக்கவில்லை. ரங்கையாவைப் பற்றி நான் எழுதி அனுப்பியதும், "நம்ம ஊர்க்காரர் வரைஞ்சது இங்க இருக்கா!" என்று உடனே பதில் வந்தது. அந்நிய ஊரில் நமக்கு ஏற்கெனவே ஒரு முகவரி இருப்பது தெரிந்தால் மனசுக்கு ஒரு தெம்பு.

வகுப்பும் தோட்டமும் மோதிய கதை

இத்தனை படித்துவிட்டு, தோட்டத்துக்குப் போனாள், எல்லாம் சரியாயிற்று என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். இரண்டு பெரிய தடைகள் வந்தன.

முதலாவது நேரம். நவம்பர் முதல் ஜனவரி வரை பூங்கா காலை பத்து மணிக்குத் திறந்து நான்கு மணிக்கெல்லாம் மூடிவிடும். அவள் வகுப்புகளில் சில ஐந்து மணி வரை. சனிக்கிழமை அவளுக்குக் கடையில் பகுதிநேர வேலை. (மாணவர் விசாவில் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது.) எஞ்சியது ஞாயிறு ஒன்றுதான். அப்போதுதான் அங்குள்ள ஒரு பழைய வழக்கம் உதவிக்கு வந்தது. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் புதன்கிழமை பிற்பகலை விளையாட்டுக்காகக் கூடியவரை வகுப்பில்லாமல் விடும். அவளுக்கும் புதன் ஒரு மணிக்கு மேல் வகுப்பில்லை. பந்தாடத் தெரியாத பெண், அந்த நேரத்தைத் தோட்டத்துக்கு ஒதுக்கினாள்.

இரண்டாவது தடை அவளே வருவித்துக்கொண்டது. தோட்டம் பிடித்துப் போனதும் நினைத்த போதெல்லாம் போகத் தொடங்கினாள். ஒரு பாடக் கட்டுரையை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முன்தினம் மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கட்டுரை ஒரு நாள் தாமதமாயிற்று. தாமதத்துக்கு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். இதைக் கேட்டதும் என் தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. "சங்கிலியை வச்சு அனுப்பிச்சது மரத்தை வேடிக்கை பாக்கறதுக்காடி?" என்று கேட்டுவிட்டாள். பெண் போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் இருவரும் பேசவில்லை.

அம்மா கேட்டதிலும் தவறில்லை. கடனாளிக்கு ஒவ்வொரு மதிப்பெண்ணும் பணம். மூன்றாம் நாள் பெண்ணே கூப்பிட்டு ஓர் ஏற்பாட்டைச் சொன்னாள். புதன் ஒன்றிலிருந்து மூன்றரை வரை, ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டு வரை, அவ்வளவுதான். ஒப்படைக்க வேண்டிய வேலை இருக்கிற வாரத்தில் புதன் மட்டும். போகும் பஸ்ஸில் அடுத்த வகுப்புக்கான ஒரு கட்டுரையைப் படித்துவிடுவது. புரியாத இடங்களை நடந்துகொண்டே யோசித்து, தோட்டத்தை விட்டு வெளியே வரும் முன் ஒரு நோட்டில் மூன்று கேள்விகளாக எழுதிக்கொள்வது. காதில் பாட்டுக் கருவி கிடையாது. அந்த மூன்று கேள்விகளை அடுத்த வகுப்பில் கேட்பது. கேள்வி கேட்பதற்காகவாவது வகுப்புக்குப் போகத் தொடங்கினாள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டம் மட்டுமே அவளைத் தேற்றவில்லை. டிசம்பரிலேயே பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசகரைப் பார்த்தாள். விசாவுக்காகக் கட்டிய சுகாதாரக் கட்டணத்தில் இலவசமாகக் கிடைக்கும் மருத்துவரையும் பார்த்தாள். குளிர்காலத்தில் சூரிய ஒளி போதாததால் வைட்டமின் டி தினமும் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கும்படி பிரிட்டன் அரசே அனைவருக்கும் அறிவுறுத்துகிறது. நம்மைப் போன்ற மாநிற, கறுத்த மேனியருக்கு ஆண்டு முழுவதுமே அந்த அறிவுரை பொருந்தும். இவையெல்லாம் சேர்ந்துதான் பலன் தந்தன. மனச்சோர்வு என்றால் பைத்தியம் என்று நினைக்கிற நம் வழக்கத்தை நாம் விட்டால்தான் பிள்ளைகள் நம்மிடம் உண்மையைச் சொல்வார்கள்.

புயலில் விழுந்த தேவதாரு

2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை, ஏயோவின் என்ற பெரும்புயல் ஸ்காட்லாந்தைத் தாக்கியது. சிவப்பு எச்சரிக்கை விடுத்து மக்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். பஸ் ஓடவில்லை, வகுப்பு இல்லை. அன்று அந்தப் பூங்காவில் பல மரங்கள் சாய்ந்தன. அவற்றில் ஒன்று, 1859-இல் நடப்பட்ட 29 மீட்டர் உயரமுள்ள தேவதாரு. தோட்டத்திலேயே மிக உயரமான மரம் அது. இமயமலையின் மரம். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கஷாயச் சரக்காக விற்கும் அதே தேவதாரு.

அந்த மரத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்துத்தான் அவள் தன் நோட்டில் முதல் பெயரை எழுதியிருந்தாள். போனில் அழுதாள். கோபித்துக்கொண்டிருந்த அம்மாவே அன்று அவளுக்கு ஆறுதல் சொன்னாள். 2020 மே மாதம் அம்பான் புயல் அடித்த மறுநாள் லேக் பக்கமெல்லாம் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்ததை நாம் மறக்க முடியுமா? சிப்பூர்த் தோட்டத்திலும் அன்று கணக்கற்ற மரங்கள் விழுந்தன. நம் பெரிய ஆலமரமும் அடிபட்டது. ஆனால் அந்த ஆலமரத்துக்கு அடிமரம் என்பது 1925-லிருந்தே கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புயல்களில் அடிபட்டு, பூஞ்சை பிடித்த அடிமரத்தை அப்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள். விழுதுகளே இன்றுவரை அதைத் தாங்கி நிற்கின்றன. இதைத் தங்கை மகளுக்கு நினைவூட்டினாள். சின்ன வயதில் அந்த விழுதுகளுக்கு நடுவே ஓடி விளையாடியவள்தானே அவள்.

பாதைகளைச் சரிசெய்து தோட்டம் மீண்டும் திறந்ததும் போனாள். பிப்ரவரியில் பனிக்கு நடுவே ஸ்னோடிராப் என்ற வெள்ளைப் பூக்கள் தரையோடு தரையாகத் தலைகாட்டின. ஏப்ரல், மே மாதங்களில் ரோடோடென்ட்ரான் பூத்தது. டார்ஜிலிங்கில் நாம் பார்க்கும் அதே இனம். நீலகிரியில் காட்டுப் பூவரசு என்பார்களே, அதற்கு உறவு. இந்த இனத்தில் எடின்பரோ பூங்காவின் சேகரிப்பு உலகப் புகழ் பெற்றது. ஒவ்வொரு புதனும் ஒரு படம் அம்மாவுக்கு வந்தது. "என்ன மார்க்?" என்று ஆரம்பித்த பேச்சு, "இந்த வாரம் என்ன பூத்தது?" என்று ஆரம்பித்தது. அதற்குப் பிறகு மார்க்கைப் பற்றி அவளே சொன்னாள்.

ஜூன் மாதத்தில் அங்கே பகல் பதினேழு மணி நேரத்துக்கும் மேல். ஆய்வுக் கட்டுரையின் பெரும் பகுதியைத் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்துதான் திருத்தினாள். ஆகஸ்டில் ஒப்படைத்தாள். தேர்ச்சி பெற்றாள். முதல் வகுப்பு இல்லை. தாமதமான அந்தக் கட்டுரையும் நவம்பரில் விட்ட வகுப்புகளும் கணக்கில் தெரியத்தான் தெரிந்தன. கடன் இன்னும் இருக்கிறது, சங்கிலியும் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. ஆனால் பாதியில் திரும்பி வரவில்லை.

நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

எடின்பரோ என்றில்லை. பிள்ளைகள் போகும் ஊர்களில் பெரும்பாலும் இப்படி ஓர் இடம் இருக்கும். கிளாஸ்கோ தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 1859-இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பூங்காவுக்கும் (ஆர்க்கிட் தோட்டம் நீங்கலாக) கட்டணம் இல்லை. 2015-இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது. சிட்னியிலும் மெல்போர்னிலும் நகர நடுவே உள்ள அரசப் பூங்காக்களும் இலவசமே. கேம்பிரிட்ஜ் போன்ற இடங்களில் தங்கள் மாணவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் அனுமதி உண்டு. லண்டன் கியூ பூங்காவுக்குக் கட்டணம் உண்டு. மாணவர் சலுகையை விசாரிக்க வேண்டும். எடின்பரோவில் கண்ணாடி வீடுகள் பெரும் புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டதால், அவற்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்பே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

புறப்படும் பிள்ளைகளுக்குத் தங்கை மகள் சொல்லச் சொன்னவை இவை: போன முதல் வாரமே, வெளிச்சம் இருக்கும்போதே, அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்து வையுங்கள், மனது சோர்ந்த பிறகு தேடத் தோன்றாது. கால அட்டவணையில் வகுப்பை எழுதுவது போல அதையும் நாள், நேரம் போட்டு எழுதுங்கள். எழுதிய நேரத்துக்கு மேல் இருக்காதீர்கள். மருத்துவரிடம் பதிவு செய்வதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றுதான். குளிர்காலத்தில் இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் போன் செய்யும்போது அங்கே பகல் முடிந்துகொண்டிருக்கும். அதற்குள் ஒரு மணி நேரமாவது வெளியே நடந்துவிட்டு வந்தாயா என்று முதலில் கேளுங்கள். மார்க்கைப் பிறகு கேட்கலாம்.